பிசியோதெரபி நின்றபின் அம்மாவின் நடையைக் காப்பது எப்படி?

கேள்வி:
நியூ ஜெர்சியில் நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 81. இடுப்பெலும்பு முறிவுக்குப் பின் வாக்கரைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக்கூடம் வரை நடந்துவந்தவர், ‘இனி முன்னேற்றம் இருக்காது’ என்று பிசியோதெரபியை நிறுத்திய ஆறே வாரங்களில் சக்கர நாற்காலியோடு முடங்கிவிட்டார். விழுந்துவிடுவார் என்று பயந்து பணியாளர்களும் தள்ளிக்கொண்டே போகிறார்கள். வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிட வேண்டியதுதானா?

பதில் 1:
விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் பராமரிப்பு இல்லங்களுக்கான 1987ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி வந்த விதிகளின்படி, நடமாட்டம் குறைந்தவருக்கு அதைக் காக்கவோ கூட்டவோ உரிய உதவியை இல்லம் அளித்தாக வேண்டும். சரிவு தவிர்க்க முடியாதது என்று நிறுவினால்தான் விலக்கு. தெரபிஸ்ட் விலகியபின் செவிலியரின் மேற்பார்வையில், பயிற்சி பெற்ற உதவியாளர் நடத்தும் ‘ரெஸ்டோரேட்டிவ் நர்சிங்’ இதற்காகவே இருக்கிறது. மத்திய விதிப்படி இதற்கு மருத்துவரின் உத்தரவுகூடத் தேவையில்லை. ஒவ்வொருவரின் நிலையையும் இல்லம் அவ்வப்போது பதிந்து அரசுக்கு அனுப்பும் எம்.டி.எஸ். மதிப்பீட்டில் ஒரு நாளைக் கணக்கில் காட்ட, அந்தப் பயிற்சி அன்று மொத்தம் 15 நிமிடமாவது நடந்திருக்க வேண்டும். காலையில் 8, மாலையில் 7 என்று பிரித்துக்கொள்ளலாம். மேலும், முன்னேற்றம் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும், இருக்கும் நிலையைக் காப்பதற்கான தேர்ச்சிபெற்ற சிகிச்சையை, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் மறுக்கக் கூடாது என்பது 2013இல் ஜிம்மோ வழக்கின் உடன்பாட்டில் தெளிவாகிவிட்டது.

பதில் 2:
நான் அந்த உதவியாளர் வேலையைச் சில ஆண்டுகள் பார்த்தவள். விதி சரிதான், ஆனால் ஆள் குறைந்த நாளில் எங்களைத்தான் முதலில் குளிப்பாட்டவும் உணவூட்டவும் அனுப்புவார்கள். அன்றைய நடை அப்படியே போய்விடும். ஆகவே பராமரிப்புத் திட்டக் கூட்டத்தில் ‘நடக்கவைக்கிறீர்களா’ என்று கேட்காமல், எத்தனை அடி, யார், எந்த நேரம், அவர் இல்லாத நாளில் யார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

எழுந்திருப்பதிலேயே பாதி வெற்றி இருக்கிறது. பிரேக்கைப் போட்டு, உதவுபவர் பிடித்துக்கொள்வதற்கான பெல்ட்டை இடுப்பில் கட்டி, இருக்கையின் நுனிக்கு நகர்த்தி, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்துவைத்தபின், மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து, நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி எழவேண்டும். வாக்கரைப் பற்றி இழுத்தால் அது கவிழும். ‘எந்திரிங்கம்மா’, ‘மெதுவா’ போன்ற சொற்களை ஆங்கில எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். மொழி புரியாமல் விழிப்பவரைக்கூட ‘மறுத்தார்’ என்று குறித்துவிடுவார்கள். காலில் என்ன அணிகிறார்?

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வியாழக்கிழமை கூட்டத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அம்மா அணிவது பின்பட்டை இல்லாத ரப்பர் செருப்பு. நான்தான் ஊரிலிருந்து வாங்கிவந்து கொடுத்தேன். இன்றே மாற்றிவிடுகிறேன்.