லண்டன்ல ஹோம்ஸ்டே எடுத்திருக்கிற வடசென்னைப் பசங்களுக்கு

செப்டம்பர்ல படிக்கக் கிளம்புற தம்பி, தங்கச்சிங்களுக்கு: ஹோம்ஸ்டேன்னா காசு கொடுத்து அங்க ஒருத்தர் வீட்டுல அவங்களோடயே தங்கறது. அது நம்ம சொந்தக்காரங்க வீடும் இல்ல, ஹாஸ்டலும் இல்ல. ரெண்டுல எதுன்னு நினைச்சுப் போனாலும் முதல் மாசமே முகம் சுளிப்பு ஆரம்பிச்சிடும்.

முதல்ல காகிதம். வீட்டுக்காரங்க அதே வீட்டுல இருந்துகிட்டு கிச்சன், பாத்ரூமை உங்களோட பொதுவா வச்சிருந்தா, இங்கிலாந்து சட்டப்படி காலி பண்ணச் சொல்ல கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்ல. நியாயமான அவகாசம் கொடுத்தா போதும். வாரவாடகைன்னா அது பெரும்பாலும் ஒரே வாரம்தான். அதனால 4 வாரம் முன்கூட்டி சொல்லணும்னு மெயில்ல எழுதி வாங்குங்க. நீங்க கொடுக்கிற டெபாசிட்டை அரசு அங்கீகரிச்ச பாதுகாப்புத் திட்டத்துல போடணும்ங்கிற கட்டாயமும் இந்த மாதிரி வாடகைக்கு இல்ல. அதனால பெட்டியைத் திறக்கிறதுக்கு முன்னாடியே கார்பெட், மெத்தை, ஜன்னலோரம் எல்லாத்தையும் போட்டோ எடுத்து அன்னிக்கே அவங்களுக்கு அனுப்பிடுங்க.

ரைட் டு ரென்ட், அதாவது அங்க வாடகைக்கு இருக்க உங்களுக்கு உரிமை இருக்கான்னு பார்க்க, ஷேர் கோடுங்கிற குறியீட்டைக் கேப்பாங்க. உங்க இ-விசா (ஆன்லைன் விசா) கணக்குல எடுக்கலாம், 90 நாள்தான் செல்லும். தனியா இருக்கிற வீட்டுக்காரம்மான்னா கவுன்சில் டாக்ஸ்ல (உள்ளாட்சிக்குக் கட்டுற வீட்டு வரி) 25 சதவீதச் சலுகை வாங்கிட்டிருப்பாங்க. முழுநேர மாணவர் குடிவந்தா அது போகாது, ஆனா காலேஜ் லெட்டர் வேணும். கேக்கறதுக்கு முன்னாடியே கொடுத்துடுங்க, மரியாதை கூடும்.

இப்ப தண்ணி. பெரிய தகராறெல்லாம் இதுலதான் வருது. நம்ம வீட்டுல பாத்ரூம்னா பக்கெட்டோட ஊத்தித் தேய்ச்சுக் கழுவுறது. அங்க பாத்ரூம் தரையில தண்ணி போக வழியே இருக்காது. பழைய வீடுங்கள்ல மாடித்தளம் மரப்பலகை. குளிக்கிற டப்புக்கு (பாத்டப்) வெளிய ரெண்டு மக் தண்ணி சிந்தினா ஓரமா இறங்கி, கீழ்வீட்டுக் கூரையில மஞ்சக் கறையா நிக்கும். டப்புக்குள்ள நின்னு, திரையோட அடிப்பக்கத்தை டப்புக்கு உள்ளபக்கம் விட்டுட்டுக் குளிங்க. வெளிய வந்ததும் கால்மிதி மேல கால் வைங்க. சில வீட்டுல சுடுதண்ணி டேங்க்ல இருந்துதான் வரும். நீங்க 20 நிமிஷம் நின்னா அடுத்தவங்களுக்குப் பச்சத்தண்ணிதான். 6, 7 நிமிஷத்துல முடிச்சிடுங்க. டாய்லெட்ல ஹேண்ட் ஷவர் இருக்காது, பிளாஸ்டிக் மக்கோ பாட்டிலோ வச்சுக்கலாம், ஆனா தரை நனையக் கூடாது. துவைச்சதை ரூமுக்குள்ள காயப்போட்டு ஜன்னலை மூடிட்டுப் போனா சுவத்துல பூஞ்சை பிடிக்கும். எங்க காயப்போடணும்னு முதல் வாரமே கேளுங்க.

சமையல். ஹோம்ஸ்டேல ஹாஃப் போர்டுன்னு பேசியிருந்தா காலை டிபன், ராத்திரி சாப்பாடு ரெண்டும் அவங்க பொறுப்பு. ஞாயித்துக்கிழமை மதியம் உண்டா, ஃப்ரிட்ஜ்ல எந்த அடுக்கு உங்களுக்கு, அடுப்பை எத்தனை மணிவரை தொடலாம், இந்த மூணையும் கேட்டு வச்சுக்குங்க. வெஜிடேரியன்னு மட்டும் சொன்னா தட்டுல மீனை வைக்கிறவங்க உண்டு. கறி, மீன், முட்டை, கறிவேகவச்ச தண்ணியில செஞ்ச கிரேவி, ஜெலட்டின் போட்ட ஜெல்லி மிட்டாய்னு ஒவ்வொண்ணா சொல்லுங்க. ஹலாலும் அப்படித்தான்.

குக்கர் எடுத்துட்டுப் போறீங்கன்னா அங்க என்ன அடுப்புன்னு முதல்ல கேளுங்க. இண்டக்‌ஷன்னா நம்ம அலுமினிய குக்கர் சூடே ஆகாது. வண்ணாரப்பேட்டையில பாத்திரக்கடைக்குப் போறப்ப ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற காந்தம் ஒண்ணை எடுத்துட்டுப் போய் குக்கரோட அடியில வச்சுப் பாருங்க. ஒட்டினா வாங்கலாம், வழுக்கி விழுந்தா வச்சிடுங்க. மிளகாய் தாளிச்சா ஸ்மோக் அலாரம் அலறும். எண்ணெய் காயறதுக்கு முன்னாடியே ஃபேனைப் போட்டு கிச்சன் கதவைச் சாத்துங்க. அலாரத்து பேட்டரியை மட்டும் கழட்டிடாதீங்க. மிச்ச எண்ணெயை சிங்க்ல ஊத்தாதீங்க, குளிர்ல உறைஞ்சு குழாயை அடைச்சிடும்.

நம்ம ஊர்ல "இன்னும் கொஞ்சம் போடட்டுமா"ன்னா ரெண்டு தடவை வேணாம்னு சொல்லிட்டுத்தான் தட்டை நீட்டுவோம். அங்க முதல் வேணாமோடயே பாத்திரம் உள்ள போயிடும். பசின்னா உடனே வாங்கிக்குங்க. ஆன்ட்டி, அங்கிள், மேடம் எதுவும் வேண்டாம், பேர் சொல்லியே கூப்பிடலாம். முதல்ல நாக்கு வராதுதான். ராத்திரி சாப்பாட்டுக்கு வரலைன்னா மதியத்துக்குள்ள ஒரு மெசேஜ் போட்டுடுங்க.

இதுக்குக் கீழ திருவொற்றியூர் அக்கா ஒருத்தர் சேர்த்தது:

தம்பி சொன்னதுல ரெண்டு விட்டுப்போச்சு. நெய், பால்கோவா, கறி ஊறுகாய் எதையும் பெட்டியில வைக்காதீங்க. இந்தியாவுல இருந்து பால், இறைச்சிப் பொருள் எடுத்துட்டுப் போகக் கூடாது. காசிமேட்டுக் கருவாட்டுக்கு அந்தத் தடை இல்ல, ஆனா அடுத்தவங்க வீட்டுல வறுக்கிற பொருளா அது? லண்டன்லயே ஈஸ்ட் ஹாம் பக்கம் தமிழ்க்கடையில எல்லாம் கிடைக்கும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ கட்டியாகும். வாயகலமான டப்பாவுல ஊத்திக்குங்க. தலையில வச்சா அவங்க தலையணையில கறை படியும், அதனால உங்க உறை ரெண்டு எடுத்துட்டுப் போங்க.

போன் பேசறது இன்னொண்ணு. கோடையில நமக்கும் லண்டனுக்கும் நாலரை மணி நேரம், அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமையில இருந்து அஞ்சரை. ராத்திரி 11 மணிக்கு ஸ்பீக்கர்ல அம்மாகிட்ட பேசினா வீடே முழிச்சுக்கும், இங்க அம்மாவும் விடியக்காலை முழிச்சுட்டுக் கிடக்கணும். காலேஜ்ல மதியம் 1 மணிக்குப் பேசுங்க. அப்ப இங்க அஞ்சரையோ ஆறரையோ, டீ போடற நேரம்.