கடைசி 200 மீட்டர்ல கால் செத்துப் போவுது, என்ன பண்ணலாம்?

செந்தூல் பையன்: அண்ணே, சைக்கிள் ரேஸ்ல கடைசி கிலோமீட்டர் வரைக்கும் கூட்டத்தோட நல்லாத்தான் வர்றேன், ஸ்பிரிண்ட் ஆரம்பிச்சதும் நாலஞ்சு பேரு தாண்டிப் போயிர்றாங்க. ஜிம்முக்குப் போகணுமா?

பட்டர்வொர்த்காரன்: ஜிம் அப்புறம் லா. 400 மீட்டர் பாக்கி இருக்கையிலேயே முன்னால வந்து தனியா காத்தை எதிர்த்து மிதிச்சா யாருக்கும் தாங்காது, வேகமான ஆளாப் பாத்து அவன் பின்சக்கரத்தை ஒட்டிக்கிட்டே வா, எதிர்காத்துன்னா இன்னும் லேட்டா வெளிய வா, பின்காத்துன்னா கொஞ்சம் முன்னாடியே அடிக்கலாம்.

கிள்ளான் அண்ணன்: கியரையும் பாரு தம்பி. எடுத்தவுடனே பின்னால 11 பல்லு கியர்ல போட்டு மிதிச்சா சைக்கிள் நகராது, 14ல கிளம்பி வேகம் ஏற ஏற மாத்து. கை டிராப்ஸ்ல, அதான் ஹேண்டில்பாரோட கீழ் வளைவுல இருக்கணும். நம்ம மலேசிய சைக்கிள் வீரர் அசிசுல்ஹஸ்னி ஒண்ணும் பெரிய உருவம் இல்லையே, 2017ல கெய்ரின்ங்கிற டிராக் ஸ்பிரிண்ட் ரேஸ்ல உலகச் சாம்பியன்!

செந்தூல் பையன்: புத்ராஜெயால ட்ரை பண்றேன். எத்தனை தடவைண்ணே?

கிள்ளான் அண்ணன்: 10 செகண்டு முழு வேகம், நடுவுல 5 நிமிஷம் மெதுவா ஓட்டு, ஆறு தடவை போதும். சிக்னல் கிட்ட வேணாம்பா.