பரலோக நம்பிக்கை இருப்பவர் அழக்கூடாதா? என் தந்தைக்காக ஒரு கேள்வி

கேள்வி: மேலூர்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். எட்டு மாதம் படுக்கையில் இருந்த என் தாயார் கடந்த வைகாசியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பலர் என் தந்தையிடம், "அம்மா பரலோகத்தில் சுகமாக இருக்கிறார்கள், விசுவாசி அழலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அவர் யார் முன்னிலையிலும் அழுவதில்லை. ஆனால் வயலுக்கும் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் வருவதில்லை. ஒருபோகப் பாசனத்துக்குக் கால்வாயில் தண்ணீர் திறக்கும் நாள் நெருங்குகிறது. அம்மா படுக்கையில் இருந்தபடியே சொல்லிச் சொல்லி, நன்றாகக் காயவைத்து வேப்பிலை கலந்து கட்டவைத்த விதைநெல் மூட்டை திண்ணை ஓரத்தில் அப்படியே இருக்கிறது. அதன் வாய்க்கட்டை அவிழ்க்க அவருக்கு மனம் வரவில்லை.

பரலோகத்தை நானும் நம்புகிறேன். ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் இன்னும் ஒடுங்கிப்போகிறார். இந்த நம்பிக்கை விசுவாசிகளைத் திடப்படுத்தத்தானே கொடுக்கப்பட்டது? நாங்கள் அதைச் சொல்லும் விதத்தில் பிழை இருக்கிறதா?

பதில்: பசுமலை ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி, பிழை நம்பிக்கையில் இல்லை, அதை வாய்ப்பூட்டாக்கிய விதத்தில்தான் இருக்கிறது. தெசலோனிக்கே சபையாருக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் (கடிதத்தின்) 4ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட கி.பி. 50ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட இந்த நிருபம் புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று. கிறிஸ்துவின் வருகைக்கு முன்பே இறந்துபோனவர்கள் அந்த நாளை இழந்துவிடுவார்களோ என்ற கலக்கம் அந்தச் சபையில் இருந்தது. அதற்குப் பதில் எழுதும் பவுல், துக்கிக்கவே கூடாது என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை. "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறார். துக்கம் இருக்கும், அதன் தன்மை வேறாக இருக்கும் என்பதே பொருள். உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்லி முடித்ததும், "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்று முடிக்கிறார். துக்கப்படுகிறவர் தன்னைத்தானே தேற்றிக்கொள்ள வேண்டும் என்ற கட்டளை அங்கே இல்லை. தேற்றும் கடமை சபையின்மேல் விழுகிறது. உங்கள் வீட்டுக்கு வந்தவர்களோ அந்தச் சுமையை உங்கள் தந்தையின் தலையிலேயே இறக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

லாசருவின் கல்லறைக்கு வந்த இயேசு, சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று அறிந்தும் கண்ணீர் விட்டார். நான் பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ அடக்க ஆராதனைகளில் கலந்துகொண்டிருக்கிறேன். அழாமல் நின்றவரை "என்ன விசுவாசம்!" என்று பாராட்டும் வழக்கம் எப்போது நுழைந்தது என்று தெரியவில்லை, அது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் மக்கள் பரலோகம் என்றவுடன் ஆத்துமா மேலே போய்ச் சேர்ந்துவிட்டது என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆராதனையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்திலோ சரீரம் உயிர்த்தெழும் என்றல்லவா அறிக்கையிடுகிறோம்? களையெடுத்தும் கதிரறுத்தும் காய்த்துப்போன உங்கள் அம்மாவின் கைகளையும் சேர்த்துத்தான் அந்த நம்பிக்கை பேசுகிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில் பவுல் இதை விதையைக் கொண்டு விளக்குகிறார்: விதைக்கிற விதை செத்தாலொழிய உயிர்ப்பதில்லை, விதைப்பது வெறும் மணி, முளைத்து வருவது வேறொரு மேனி. இதை உங்கள் தந்தைக்கு நீங்கள் விளக்க வேண்டாம். நாற்றங்கால் பாவியவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்துக் காட்டினால் போதும்; கடைசி வசனத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பதில்: சிவகங்கைச் சீமை

நான் கத்தோலிக்கன், ஒரு வார்த்தை சேர்க்க அனுமதியுங்கள். மதுரை மறைப்பணியில் உழைத்த புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அதற்கு முந்தைய நாள் சிறையிலிருந்து, கரியைத் தண்ணீரில் குழைத்து மையாக்கி, தம் மரணத்தை மகிழ்ச்சியோடு எதிர்நோக்குவதாகக் கடிதம் எழுதினார். ஓரியூரின் செம்மண்ணில் நின்று அதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் என் பயம் குறைந்திருக்கிறது. உங்கள் தந்தையை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றால் மனம் தெளிவடையலாம்.

பதில்: மதுரை செவிலியர்

அருளானந்தரைப் பற்றி எழுதிய அண்ணனிடம் எனக்கு மரியாதை உண்டு. இருந்தாலும் இந்த நேரத்துக்கு அது பொருந்தாது என்று நினைக்கிறேன். தன் மரணத்தைத் துணிவோடு எதிர்கொள்வது ஒன்று, நாற்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவள் இல்லாத வீட்டில் காலையில் கண்விழிப்பது வேறொன்று. விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த மறைசாட்சியின் அளவுகோலை மனைவியை இழந்தவரிடம் நீட்டினால், "எனக்கு அவ்வளவு விசுவாசம் இல்லையோ" என்ற குற்ற உணர்வு மட்டுமே மிஞ்சும்.

முதியோர் வார்டில் இருபது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். மனைவி இறந்தபின் அழாமல் இருந்த கணவர்கள் சில மாதங்களில் சாப்பாட்டைக் குறைத்து, பேச்சைக் குறைத்து, கடைசியில் வேறொரு நோயோடு எங்களிடம் வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பா சரியாகச் சாப்பிடுகிறாரா, உறங்குகிறாரா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மருத்துவரிடம் காட்டுவது விசுவாசக் குறைவு ஆகாது. எட்டு மாதம் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்து, படுக்கைப்புண்ணுக்கு மருந்து போட்டவர் அவர்தான் என்றால், அந்த வேலை ஒரே நாளில் நின்றுபோனதும் அவருடைய துக்கத்தில் ஒரு பகுதி. கைகளுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது அல்லவா?

நம் உபத்திரவம் "அதிசீக்கிரத்தில் நீங்கும் இலேசான" ஒன்று என்று பவுல் எழுதியதைச் சிலர் நோயாளியின் கட்டிலருகே எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஐந்துமுறை ஒன்றுகுறைய நாற்பது அடி பட்டவர், மூன்றுமுறை கப்பற்சேதத்தில் தப்பியவர் தம்முடைய பாட்டைப் பற்றிச் சொன்ன சொல் அது. அடுத்தவருடைய பாட்டைப் பார்த்து, அதைச் சுமக்காத நாம் அப்படிச் சொல்லலாகாது. தேவன் கண்ணீர் யாவையும் துடைப்பார் என்று வெளிப்படுத்தின விசேஷத்தில் வாசிக்கிறோம். துடைப்பதற்குக் கண்ணீர் இருக்கத்தானே வேண்டும்? அப்பாவை ஒரு மாலைப்பொழுதில் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பிரசங்கம் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். ஆசிரியர் ஐயா சொன்ன பகுதியை அங்கேயே வாசித்தால் நல்லது.

பதில்: மேலூர்க்காரன்

எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஓரியூர் பயணத்தைப் பிறகு பார்த்துக்கொள்கிறோம். அக்கா கேட்டது சரிதான். அம்மாவுக்கு எல்லாம் செய்தவர் அப்பாதான். அவரை மருத்துவரிடம் காட்டினேன். இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு மாதமாக நிறுத்தியிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நேற்று மாலை கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். சிமெண்ட் இன்னும் பூசப்படாத மேட்டின்மேல் நெருஞ்சி படர்ந்திருந்தது. அப்பா குனிந்து அதைப் பிடுங்கத் தொடங்கினார், நான் வாசித்தேன். விதையைப் பற்றிய இடத்தில் அவர் தலைகூட நிமிரவில்லை. கடைசி வசனத்தில், "கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராதென்று அறிந்து" என்று வந்தபோது மட்டும் கை நின்றது.

"விருதாவாயிராது என்றா போட்டிருக்கிறது?" என்று கேட்டார். அடைமழையில் வேலை கெட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அம்மா அவரை அந்தச் சொல்லைச் சொல்லித்தான் கேலி செய்வார்: "விருதாவா உக்காந்திருக்கீகளே!" இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதார். நான் எழவில்லை, எதுவும் சொல்லவும் இல்லை.

இன்று காலை மூட்டையைப் பிரித்தார். ஒரு பக்கம் ஈரம் ஏறி நெல் கறுத்திருந்தது. நல்ல நெல்லைச் சுளகில் புடைத்து, ஒரு பிடியை மட்டும் ஈரச்சாக்கில் முடிந்து வைத்திருக்கிறார், முளைப்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக.