இயாவ்னானாவுக்கு டிரம் பீட் எதற்கு?

வேலன்_கோவை:
ஜார்ஜியத் தாலாட்டு 'இயாவ்னானா'வை எடுத்து, அடியில் சிந்தசைசர், டிரம் பீட், நடுவில் தாய்நாட்டைக் கூப்பிடும் கோரஸ். இந்த மாதிரி பாப் எனக்கு ஒட்டவே இல்லை. அம்மை கண்ட குழந்தையின் தலைமாட்டில் பாடியது அது. நோயை 'பத்தோனெபி', அதாவது எஜமானர்கள் என்று மரியாதையாக அழைத்து, வயலட், ரோஜா என்று பூப்பேர் சொல்லிக் குளிர்வித்து அனுப்பி வைப்பார்கள். அங்கே கொடிக்கு என்ன வேலை?

நிலா_கேட்கிறாள்:
கொடியைப் பாப்காரங்க கொண்டுவரலைங்க. ஜார்ஜிய எழுத்தாளர் யாகோப் கோகெபாஷ்விலி 19ஆம் நூற்றாண்டிலேயே 'இயாவ்னானா என்ன செய்தது?' என்று கதை எழுதிட்டார். கடத்திப்போன சிறுமி வளர்ந்து திரும்பி வர்றா. பெத்தவங்களையும் தெரியல, மொழியும் மறந்துபோச்சு. அம்மா அந்தத் தாலாட்டைப் பாடின பிறகுதான் நினைவு வருது. 1876இல் 'தேதா எனா' என்ற ஜார்ஜியப் பாடப்புத்தகம் போட்டவர் அவர். ரஷ்ய ஆட்சி பள்ளிகளில் ஜார்ஜிய மொழியை ஓரங்கட்டிய காலம். சும்மாவா எழுதியிருப்பார்?

வேலன்_கோவை:
சரி, கொடியை விடுங்கள். காதுக்கு வருவோம். ஜார்ஜிய நாட்டுப்பாட்டின் சுர இடைவெளிகள் பியானோவின் பன்னிரண்டு சமக் கட்டங்களுக்குள் அடங்காதவை. குரல்கள் உரசும்போது வரும் அந்தக் கரகரப்புதான் அதன் ருசியே. கீபோர்டில் ஏற்றி, குரலின் சுருதியைத் திருத்தும் ஆட்டோடியூன் மென்பொருளும் போட்டால், மிஞ்சுவது எந்த ஊர்ப் பாட்டாகவும் இருக்கலாம்.

பாண்டுரி_பாஸ்:
கரகரப்போட போனா யார் கேக்குறா பாஸ்? 2018 யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு ஜார்ஜியாவின் 'இரியாவோ' குழு பல்குரல் பாட்டையும் ஜாஸையும் கலந்து எடுத்துட்டுப் போச்சு. அரையிறுதியிலேயே கடைசி இடம்.

வேலன்_கோவை:
ஓட்டு வாங்கவா தாலாட்டு?

நிலா_கேட்கிறாள்:
ஓட்டை விடுங்க. 2008இல் ரஷ்யாவோட நடந்த போருக்குப் பிறகு ஜார்ஜியாவின் த்செரோவானியில் வரிசை வரிசையா வீடு கட்டி அகதிகளைக் குடிவெச்சாங்க. பெரும்பாலும் அந்தப் போரில் ஊரை விட்டு வந்த அகல்கோரிப் பக்கத்து ஆட்கள். அங்கே பிறந்த பிள்ளைக்குத் தாலாட்டுல ஊர்ப்பேர் வந்தா, அதையும் அரசியல்னு தள்ளுவீங்களா?

வேலன்_கோவை:
மாட்டேன். ஊர்ப்பேரைத் தாராளமாகப் பாடட்டும். அதற்கு ஸ்டேடியம் பீட் தேவையில்லை என்கிறேன். ஒரு அம்மாவின் ஒற்றைக் குரல் போதும்.

பாண்டுரி_பாஸ்:
அந்தப் பிள்ளைக்குப் பதினஞ்சு வயசாகும்போது அம்மா பாடமாட்டாங்களே. அப்ப ஹெட்ஃபோன்ல ஓடுறது பாப்தான்.

வேலன்_கோவை:
அப்படியென்றால் ஆட்டோடியூன் இல்லாத ஒன்றைக் காட்டுங்கள். கேட்டுவிட்டு வந்து சண்டை போடுகிறேன்.