அமெரிக்க விடுதலைப் போரில் மனசை விட்டுப் போகாத ஒரு தருணம்

கடல்பித்தன்:
1776 ஆகஸ்ட் 29 ராத்திரி. புரூக்ளினில் வாஷிங்டனின் அமெரிக்கப் படை பிரிட்டிஷாரிடம் தோற்று மாட்டிக்கொண்டிருந்தது; அந்தச் சண்டைக்குள் போகவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு மைல் அகல ஈஸ்ட் ஆறு, முன்னால் பிரிட்டிஷ் தளபதி ஹோவின் படை பதுங்குகுழி வெட்டிக்கொண்டே நெருங்குகிறது, நடுவில் மழையில் ஊறிய ஒன்பதாயிரம் பேர். ஜான் குளோவரின் மார்பிள்ஹெட் மீனவர்கள் இரவோடு இரவாகத் தண்டு வலித்து அத்தனை பேரையும் மன்ஹாட்டன் கரை சேர்த்தார்கள். சரி. ஆனால் என்னை இன்னும் உறுத்துவது நடுவில் நடந்த ஒரு தப்பு.

தளபதி மிஃப்ளினின் பின்காவல் படைதான் கடைசியாகக் கிளம்ப வேண்டும். பாசறைத் தீ அணையாமல் பார்க்கணும், காவல் மாறுவது போல நடமாடணும். அந்த மறைவில் மற்றவர்கள் ஒவ்வொரு ரெஜிமெண்டாகக் கழன்று படகுத்துறைக்கு இறங்குவார்கள். 2 மணி வாக்கில் ஸ்கேமல் என்ற அதிகாரி வந்து, உங்கள் முறை வந்துவிட்டது, கிளம்புங்கள் என்று தவறாகச் சொல்லிவிட்டார். கிளம்பிவிட்டார்கள். வழியில் வாஷிங்டன் பார்த்துப் பதறுகிறார். அந்த நேரத்தில் முன்னணி அரண்களில் காவலுக்கு ஒரு ஆள் இல்லை.

திரும்பிப் போங்கள் என்றார். போனார்கள். எட்டும் தூரத்தில் படகு, அதில் ஏறினால் உயிர். இருட்டில், சேற்றில், எதிரி ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறானா என்றுகூடத் தெரியாமல் அதே குழிக்குள் போய் நின்றார்கள். நல்லவேளை, பிரிட்டிஷார் கவனிக்கவில்லை. உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

மருந்துப்பெட்டி:
எனக்கு மாரிஸ்டவுன் முகாம், 1777 பிப்ரவரி. முழுப் படைக்கும் அம்மைப்பால் ஏற்றச் சொல்லி வாஷிங்டன் உத்தரவு போட்டது. முந்தைய வருஷம் கனடாவுக்குப் போன படையைக் குலைத்ததில் பெரியம்மைக்குப் பெரிய பங்கு உண்டு, தளபதி ஜான் தாமஸே அதில்தான் போனார்.

இதை இன்றைய தடுப்பூசி மாதிரி நினைக்க வேண்டாம். ஜென்னரின் பசுஅம்மை முறை வந்தது 1796இல். இது நிஜப் பெரியம்மையே. நோயாளியின் கொப்புளத்துச் சீழை எடுத்து, கையில் லேசாகக் கீறி அதில் வைப்பார்கள். காய்ச்சல் வரும், கொப்புளம் வரும், ஆனால் பெரும்பாலும் தணிந்து வரும். தானாகத் தொற்றினால் நூற்றுக்கு முப்பது பேர்வரை சாவார்கள், இதில் ஒன்றிரண்டு பேர். சிக்கல் எங்கே என்றால், சீழ் வைத்துக்கொண்டவனும் மற்றவனுக்குத் தொற்ற வைப்பான். பொருக்கு உதிரும் முன் ஒருத்தன் வெளியே போனாலும் முகாமே காலி. அதனால் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, வீடுகளில் அடைத்து, சில வாரம் காவல் போட்டார்கள். அத்தனை பேர் படுத்திருப்பது ஹோவுக்குத் தெரிந்தால் முடிந்தது கதை. அதனால் ரகசியம்.

வாஷிங்டனுக்கு 1751இல் பார்படோஸில் அம்மை போட்டு ஆறியிருந்தது. தனக்கு வராது என்று தெரிந்தவர் மற்றவர்களுக்கு உத்தரவிடுகிறார். நான் நினைத்து நினைத்துப் பார்ப்பது சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டிய பையன்களை. தோட்டாவாவது குறி தப்பும்.

வெடிமருந்து:
கடல்பித்தன், அந்த இரவில் பாதி வேலையைச் செய்தது காற்றும் பனிமூட்டமும். வடகிழக்குக் காற்று அடித்ததால்தான் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ஆற்றுக்குள் ஏற முடியவில்லை. விடியும்போது மூட்டம் இறங்கியதால்தான் கடைசிப் படகுகள் தப்பின. அதே ஆட்கள் இயற்கை எதிர்த்து நின்றபோது என்ன செய்தார்கள் என்று பார்க்கணும் என்றால் டெலாவேர் ஆற்றைக் கடந்ததைப் பாருங்கள்.

1776 டிசம்பர் 25. 2400 பேர், 18 பீரங்கி. நள்ளிரவுக்குள் கடந்து முடிக்கத் திட்டம், முடிந்தபோது விடிகாலை 3 மணி. ஆட்கள் ஏறியது டர்ஹாம் படகில். இரும்பு ஏற்றக் கட்டிய தட்டையான படகு அது, நாற்பது அடிக்கு மேல் நீளம், எட்டு அடி அகலம். உட்கார இடம் கிடையாது, நின்றுகொண்டே போனார்கள். பனிப்பாளத்தைக் கழியால் தள்ளித் தள்ளி வழி பண்ணணும். குதிரையையும் பீரங்கியையும் ஓடத்துறைக்காரர்களின் தட்டை ஓடத்தில் ஏற்றினார்கள், தாமதம் அதில்தான். கீழே இரண்டு துறைகளில் கடக்க வேண்டிய தளபதிகள் யூவிங்கும் கேட்வாலடரும் பனியால் வர முடியவில்லை. அது தெரியாமலே இவர்கள் எதிரி தங்கியிருந்த ட்ரென்டனுக்கு ஒன்பது மைல் நடந்தார்கள்.

பீரங்கி எதற்கு அவ்வளவு என்று கேட்பார்கள். சிக்கிமுக்கித் துப்பாக்கியில் பற்றுமருந்து ஒரு சின்னக் கிண்ணியில் கிடக்கும். ஈரம் பட்டால் பொறி பறக்கும், தீ பிடிக்காது. பீரங்கிக்கு வாயையும் பின்துளையையும் அடைத்து வைத்தால் போதும், மழையிலும் சுடலாம். துப்பாக்கி எல்லாம் நனைந்துவிட்டது என்று தளபதி சல்லிவன் சொல்லி அனுப்பினார். பயோனெட்டை, அதாவது துப்பாக்கிமுனைக் கத்தியை, பயன்படுத்துங்கள் என்று வாஷிங்டனிடமிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு நடந்தவர்களைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வழியில் குளிரில் விறைத்து இருவர் செத்தார்கள். ட்ரென்டனில் இருந்த ஹெஸ்ஸியர்கள் (பிரிட்டிஷார் கூலிக்கு அமர்த்திய ஜெர்மன் வீரர்கள்) குடித்துக் கிடந்தார்கள் என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். பல நாள் தொந்தரவில் தூக்கம் கெட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

பழஞ்சுவடி:
ஸ்கேமலை அந்த ஒரு இரவோடு விட்டுவிடாதீர்கள். 1781 செப்டம்பர் 30, பிரிட்டிஷார் அடைபட்டிருந்த யார்க்டவுன் முற்றுகையின் தொடக்கத்திலேயே குண்டடி பட்டு ஒரு வாரத்தில் இறந்தார். அக்டோபர் 14 இரவு பிரிட்டிஷாரின் பத்தாம் எண் அரணில் ஹாமில்டன் தலைமையில் ஏறிய 400 பேரில் ஸ்கேமலின் ஆட்களும் உண்டு, ரோட் ஐலண்டின் கறுப்பின வீரர்களும் உண்டு. துப்பாக்கியில் மருந்தே போடவில்லை. ஒருத்தன் கை தவறிச் சுட்டுவிட்டாலும் எதிரி விழித்துக்கொள்வான். கோடரிக்காரர்கள் முன்னால் போய்க் கூர்சீவிய மரக்கிளை வேலியை வெட்ட, பின்னால் வந்தவர்கள் அவர்கள் வெட்டி முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல் இடுக்கில் நுழைந்து ஏறினார்கள். பத்தே நிமிஷம். பக்கத்து ஒன்பதாம் அரணில் பிரெஞ்சுக்காரர்கள் வேலி முழுக்க வெட்டும்வரை நின்றார்கள், அதனால் இழப்பு அதிகம்.

வண்டிக்காரன்:
1776 டிசம்பர் 30, ட்ரென்டன். மறுநாளோடு படைவீரர்களின் பணி ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் ஆறு வாரம் இருங்கள், பத்து டாலர் தருகிறேன் என்கிறார் வாஷிங்டன். முரசு அடிக்கிறது, ஒருத்தன்கூட முன்னால் வரவில்லை. மறுபடி வந்து பேசினார், அப்புறம்தான் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். என்னுடையது இவ்வளவுதான்.

இதை வைத்து, ஒற்றுமை பற்றி எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். "பதின்மூன்று குடியேற்றங்களும் ஒன்றாக எழுந்தன" என்று தொடங்காதீர்கள். ராஜாவின் பக்கம் நின்றவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள், பல குடும்பங்கள் இரண்டாக உடைந்தன. எந்தப் படையைப் பற்றி எழுதினாலும் முதலில் அதன் ஒப்பந்தத் தேதியைப் பாருங்கள். மேலே எல்லாரும் கொண்டாடும் குளோவரின் மார்பிள்ஹெட் ஆட்களே அந்த டிசம்பரோடு ஊருக்குப் போய்விட்டார்கள், பலர் தனியார் போர்க்கப்பல்களில் ஏறினார்கள். அது துரோகம் இல்லை. வீட்டில் அடுப்பு எரியணும். அடுத்தது, சம்பளம் எதில் கொடுத்தார்கள் என்று பாருங்கள். குடியேற்றங்களின் பொதுச் சபையான காங்கிரஸின் காகிதப் பணம் மதிப்பிழந்ததைச் சொல்லாமல் படைவீரனின் கோபத்தை விளக்க முடியாது. 1781 புத்தாண்டு இரவு பென்சில்வேனியா ரெஜிமெண்டுகள் கலகம் செய்ததையும் மறைக்காதீர்கள். முழுசாகச் சொல்லுங்கள்: சம்பள பாக்கியையும் மன்னிப்பையும் காட்டி பிரிட்டிஷார் ஆள் அனுப்பினார்கள். வந்த இருவரையும் கலகக்காரர்களே பிடித்து ஒப்படைத்தார்கள், இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். தங்கள் வழக்கையும் விடவில்லை, ஏறத்தாழ பாதிப் பேர் படையிலிருந்து விடுவிப்பு வாங்கிக்கொண்டு போனார்கள். சம்பளச் சண்டை வேறு, பக்கம் மாறுவது வேறு என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

கெடிலக்கரை:
1782 ஏப்ரல் 8, டெலாவேர் விரிகுடா. பென்சில்வேனியாக் கப்பலின் பெயர் "ஹைதர் அலி". நம் பக்கம் இரண்டாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயரை உலுக்கிக்கொண்டிருந்த அதே ஹைதர் அலியின் பெயர்தான். மாலுமித்தலைவர் ஜோஷுவா பார்னி சுக்கான்காரனிடம், நான் அடுத்துக் கத்தும் கட்டளைக்கு நேரெதிராகத் திருப்பு என்று சொல்லி வைத்துவிட்டு, எதிரிக்குக் கேட்கும்படி கத்தினார். பிரிட்டிஷாரின் "ஜெனரல் மங்க்" கப்பல் அதை நம்பித் திரும்பி இவர்கள் கயிற்றில் சிக்கிக்கொண்டது. அரைமணிக்குள் கொடி இறங்கியது. அமெரிக்கர் பக்கம் பிரான்ஸும் சேர்ந்திருந்ததால், அந்தப் போரின் கடைசி மோதல்களில் ஒன்று பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் எங்கள் கடலூரில், 1783 ஜூனில். ஐரோப்பாவில் சமாதானக் கையெழுத்து ஜனவரியிலேயே ஆகியிருந்தது. செய்தி வந்து சேரவில்லை.

கடல்பித்தன்:
வெடிமருந்து, காற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே வடகிழக்குக் காற்றும் ஆற்றின் இழுப்பும்தான் ராத்திரி 11 வரை இவர்கள் பாய்மரத்தையும் முடக்கின. அதுவரை தண்டு மட்டும். அதிலும் தண்டு கட்டையில் உரசும் இடத்தில் துணி சுற்றணும், இல்லையென்றால் தண்ணீருக்கு மேல் அந்தச் சத்தம் வெகுதூரம் போகும். ஈஸ்ட் ஆறு பெயருக்குத்தான் ஆறு, உண்மையில் கடல்கால். ஏற்றவற்றத்துக்கு ஏற்ப ஓட்டம் திசை மாறும். இருட்டில் அதைக் கையால் உணரத் தெரிந்தவன் மீனவன்தான்.

மூட்டம் பற்றியும் ஒன்று. பின்காவலில் இருந்த பெஞ்சமின் டால்மேட்ஜ் அக்கரை சேர்ந்தபின், துறையில் கட்டிவிட்டு வந்த குதிரையை நினைத்துக்கொண்டார். கூட வர மனசுள்ள சிலரைச் சேர்த்துக்கொண்டு அதே மூட்டத்துக்குள் திரும்பப் போனார். குதிரையை ஏற்றிப் படகு கொஞ்ச தூரம் வந்தபோதுதான் கரையிலிருந்து முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்டது.