சிங்கப்பூர்ல சின்ன கேட்டரிங், யார் யாருக்கு வேலை விபத்து இன்சூரன்ஸ் கட்டாயம்?

தேக்கா_கேட்டரிங்:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் சொந்தமா கேட்டரிங் ஆரம்பிக்கிறேன். சமையலுக்கு ரெண்டு பேர் தஞ்சாவூர் பக்கத்துல இருந்து ஒர்க் பெர்மிட்ல வர்றாங்க, ஆர்டர் எடுத்து பில்லு போட ஒரு உள்ளூர் பொண்ணு, மாசம் 2,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம். சனி ஞாயிறு மட்டும் வேன்ல சாப்பாடு கொண்டுபோய் இறக்க ஒருத்தர், அப்புறம் மேனேஜர், அவருக்கு 3,800. பெர்மிட் எடுக்கும்போதே ஏஜென்ட் மெடிக்கல் இன்சூரன்ஸ் வாங்க வெச்சுட்டாரு. இப்ப ஒரு ஃபிரண்டு அது வேற, விக்கா (WICA, வேலையில அடிபட்டா நஷ்டஈடு கொடுக்கச் சொல்ற சட்டம்) இன்சூரன்ஸ் வேற, ரெண்டும் வேணும்ங்கிறான். இன்னொருத்தர் அதெல்லாம் கட்டட வேலை, ஷிப்யார்டு கம்பெனிக்குத்தான், அஞ்சு பேர் வெச்சிருக்கிற உனக்கு எதுக்குங்கிறாரு. யார் சொல்றத கேக்கிறது?

யீஷூன்_செல்வி:
உங்க ஃபிரண்டு சொல்றதுதான் சரி. நான் சின்ன கம்பெனிகளுக்கு சம்பளக் கணக்கு பாக்குறேன், முக்காவாசி பேர் இங்கதான் குழம்புறாங்க. மெடிக்கல் இன்சூரன்ஸ் ஆள் ஆஸ்பத்திரில அட்மிட் ஆனாலோ டே சர்ஜரி பண்ணாலோ அந்த பில்லுக்கு, அவ்ளோதான். விக்கா இன்சூரன்ஸ்ங்கிறது வேலையில அடிபட்டா வைத்தியச் செலவு, எம்சி (டாக்டர் எழுதிக் கொடுக்கிற மெடிக்கல் லீவு) நாளுக்கு சம்பளம், கை கால் போச்சுன்னா அதுக்கு நஷ்டஈடு, உயிரே போயிட்டா குடும்பத்துக்குப் பணம், இது அத்தனைக்கும்.

எத்தனை பேர்ங்கிற கணக்கே கிடையாது, ஒரே ஒரு ஆள் இருந்தாலும் ரூல் ஒண்ணுதான். உடல் உழைப்பு வேலைன்னா சம்பளம் எவ்வளவா இருந்தாலும் கட்டாயம், அதனால சமையல்காரங்க ரெண்டு பேரும் வேன்காரரும் உள்ள வந்துடுவாங்க, வாரத்துல ரெண்டு நாள்தான் வர்றாருங்கிறது பேச்சே இல்ல. உடல் உழைப்பு இல்லாத வேலைன்னா மாசம் 2,600 வெள்ளியோ அதுக்குக் கீழயோ இருந்தா கட்டாயம், ஓவர்டைம், போனஸ், அலவன்ஸ் எல்லாம் கழிச்சுட்டு பாக்கணும். ஸோ பில்லு போடுற பொண்ணுக்கும் வேணும்.

மேனேஜருக்கு வாங்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா இங்கதான் நிறைய முதலாளிங்க மாட்டுறாங்க. இன்சூரன்ஸ் கட்டாயமில்லைன்னா பொறுப்பும் இல்லைன்னு நெனச்சுடுறாங்க. சட்டம் அவரையும் சேர்த்துதான் காப்பாத்துது, அவர் கிச்சன்ல வழுக்கி விழுந்து இடுப்பு உடைஞ்சா முழுக்க உங்க பாக்கெட்ல இருந்துதான் போகணும். 2025 நவம்பர் 1-ல இருந்து நஷ்டஈடு லிமிட்டையும் ஏத்திட்டாங்க: இறந்தா 91,000-ல இருந்து 2,69,000 வெள்ளி வரைக்கும், நிரந்தரமா முழுசா வேலை செய்ய முடியாம போனா 1,16,000-ல இருந்து 3,46,000 வரைக்கும், வைத்தியச் செலவு 53,000 வரைக்கும். புதுசா கடை போடுற ஆள் இத எங்க இருந்து எடுப்பாங்க? அவரையும் சேர்த்தே எடுத்துடுங்க, தயவுசெஞ்சு.

வாங்காம விட்டா 10,000 வெள்ளி வரைக்கும் ஃபைன், 12 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்.

கறம்பக்குடி_ராசு:
அண்ணே, தொழிலாளி பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். முன்னாடி நான் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையில கொதிக்கிற எண்ணெய் முழங்கைல இருந்து விரல் வரைக்கும் கொட்டிருச்சு, தோல் அப்படியே உரிஞ்சு வந்துருச்சு. முதலாளி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம தெரிஞ்ச கிளினிக்ல கட்டு போட்டுட்டு, யாராச்சும் கேட்டா ரூம்ல டீ போடும்போது கொட்டிருச்சுன்னு சொல்லு, இல்லன்னா பெர்மிட்ட கேன்சல் பண்ணிடுவேன்னாரு. அப்புறம்தான் தெரிஞ்சுது அந்தாளு இன்சூரன்ஸே எடுக்கல. ஊர்ல ஏஜென்ட்டுக்குக் கொடுத்த கடன் அப்படியே நிக்குது, நான் எங்க போய் எதுத்துப் பேசுறது. எம்ஓஎம்-ல (மனிதவள அமைச்சு) போய் சொன்னபிறகுதான் பணம் வந்துச்சு, இன்சூரன்ஸ் இல்லாததால அவரு கைக்காசுதான். பெர்மிட் கேன்சல் ஆனாலும் கிளெய்ம் பண்ணலாம், விபத்து நடந்து ஒரு வருஷத்துக்குள்ள பண்ணணும், தப்பு யாரோடதுன்னு நிரூபிக்க வேண்டியதில்ல, வக்கீலும் தேவையில்ல. உங்ககிட்ட வர்ற ரெண்டு பேருக்கும் முதல் நாளே இத தமிழ்ல சொல்லிடுங்கண்ணே.

யீஷூன்_செல்வி:
ராசு தம்பி, கை இப்ப எப்படிப்பா இருக்கு? அந்த முதலாளி செஞ்சது பெரிய தப்பு. கேட்டரிங் அண்ணாவும் கேட்டுக்குங்க, வேலையில அடிபட்டு ஒரு நாள் எம்சி கொடுத்தாலும், லைட் டூட்டி கொடுத்தாலும் எம்ஓஎம்-க்கு ரிப்போர்ட் பண்ணணும், உங்களுக்குத் தெரிஞ்சதுல இருந்து 10 நாளைக்குள்ள. எம்சி சம்பளம் வெளிநோயாளின்னா முதல் 14 நாளும், ஆஸ்பத்திரில இருந்தா 60 நாளும் முழுசா, அதுக்கப்புறம் மூணுல ரெண்டு பங்கு, ஒரு வருஷம் வரைக்கும்.

தேக்கா_கேட்டரிங்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். ராசு, நீங்க சொன்ன மாதிரியே உக்கார வெச்சு சொல்லிடுறேன். இன்னும் ரெண்டு டவுட். சில நாள் கிராப் (டெலிவரி ஆப்) ஆளுங்கதான் டெலிவரி எடுத்துட்டுப் போவாங்க, அவங்களுக்கும் நான் வாங்கணுமா? எனக்கு?

யீஷூன்_செல்வி:
அவங்க உங்க ஸ்டாஃப் இல்ல. 2025 ஜனவரில இருந்து அந்த மாதிரி ஆப்ல ஓட்டுறவங்களுக்கு அந்தந்த பிளாட்ஃபார்ம் கம்பெனிதான் வேலை விபத்து இன்சூரன்ஸ் எடுக்கணும். நீங்க சொந்தப் பேர்ல கடை நடத்துறீங்கன்னா நீங்க தொழிலாளி கணக்குல வரமாட்டீங்க, விக்கா உங்களுக்குக் கிடையாது, தனியா பெர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி எடுத்துக்குங்க. அப்புறம், எம்ஓஎம் அனுமதிச்ச இன்சூரன்ஸ் கம்பெனி லிஸ்ட் அவங்க வெப்சைட்லயே இருக்கு, அதுல உள்ளவங்ககிட்ட மட்டும் வாங்குங்க. ஆள் எண்ணிக்கை, சம்பளம், என்ன வேலைன்னு உண்மையா எழுதிக் கொடுங்க, சமையல்காரர அட்மின்னு போட்டா பிரீமியம் குறையும்னு யாராவது ஐடியா கொடுப்பாங்க, கேக்காதீங்க. தீபாவளி சீசனுக்கு ரெண்டு பேர் கூட எடுத்தீங்கன்னா அவங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லி சேர்த்துடுங்க.