கேம் டிசைன் கற்க எங்கே தொடங்குவது? 4 ஜிபி லேப்டாப்தான் இருக்கிறது

தீப்பெட்டி:
வணக்கம். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஓவியம் சுமாராக வரும், கோடிங் சுத்தமாகத் தெரியாது. எந்த கேம் விளையாடினாலும் இந்த இடத்தில் எதிரியை ஏன் நிறுத்தினார்கள், இந்தக் கதவை ஏன் இவ்வளவு தள்ளி வைத்தார்கள் என்றுதான் மனசு ஓடுகிறது. ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன், வீட்டில் வாய் திறந்து கேட்க முடியாத தொகை சொன்னார்கள். இலவசமாகக் கிடைப்பதை வைத்தே ஆரம்பிக்க முடியுமா? கேம் செய்யும் மென்பொருளில் (என்ஜின்) யூனிட்டி எடுப்பதா, அன்ரியலா?

புளியமரம்:
தம்பி, அன்ரியலை இப்போது தொட வேண்டாம், அந்த லேப்டாப் தாங்காது. கோடோ என்ற என்ஜினை எடுங்கள். முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ், நாளைக்கு கேம் விற்றாலும் யாருக்கும் பங்கு தர வேண்டாம். இன்ஸ்டால் செய்யும் வேலைகூட இல்லை, ஜிப்பைப் பிரித்து அப்படியே திறக்கலாம். புது ப்ராஜெக்ட் தொடங்கும்போது எந்த ரெண்டரர் (படத்தைத் திரையில் வரையும் பகுதி) வேண்டும் என்று கேட்கும், கம்பாட்டிபிலிட்டியைத் தேர்ந்தெடுங்கள், பழைய மெஷினுக்கு அதுதான் சரி. அவர்களுடைய தளத்திலேயே முதல் 2டி கேம் செய்யும் பாடம் இருக்கிறது, அதை ஒரு வரிகூட விடாமல் கையால் தட்டச்சு செய்து முடியுங்கள்.

இன்னொன்று, தமிழில் கேம் செய்வதாக இருந்தால் கோடோ 4 வரிசையையே எடுங்கள். முன்பு வேறொரு என்ஜினில் 'கொடி' என்று எழுதினால் கொம்பும் காலும் ககரத்துக்குப் பின்னால் போய் உட்காரும். மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் எல்லா வசனத்தையும் படமாக வரைந்து ஒட்டினேன். கோடோ 4இல் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தால் சரியாக வந்துவிடும்.

வெட்டுப்புலி:
அண்ணன் சொன்னது கருவி. டிசைன் கற்க அதற்கும் முன்னால் ஒரு சாக்பீஸ் போதும் என்பேன். ஆடுபுலி ஆட்டம் தெரியும் அல்லவா? 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும், ஆடு வெட்டாது, சூழ்ந்து அடைக்க மட்டும்தான் முடியும். இரண்டு பக்கத்துக்கும் விதி வேறு, ஆனாலும் ஆட்டம் சமமாக நிற்கிறது என்றால் அந்த எண்ணிக்கைதான் காரணம். ஆட்டை 12 ஆக்கி யாராவது ஒருவரோடு பத்து ஆட்டம் ஆடுங்கள். நான் அக்கா மகளோடு ஆடியபோது நான்காவது ஆட்டத்திலேயே, ஆட்டுப் பக்கம் இனி எனக்கு வேண்டாம் என்று எழுந்து போய்விட்டாள். எந்த நகர்த்தலில் அவள் முகம் மாறியது என்று நோட்டில் குறித்து வைத்தேன். பாலன்சிங் (இரு பக்கத்தையும் சமன் செய்வது), ப்ளே டெஸ்டிங் (ஆட வைத்துப் பார்ப்பது) என்று சொல்வதெல்லாம் இந்த வேலைதான், அந்தப் பழக்கம் வராமல் எந்த சாஃப்ட்வேரைத் திறந்தும் பிரயோசனம் இல்லை.

நிலாச்சோறு:
கோடிங் பயம் என்றால் ட்வைன் என்ற கருவியில் தொடங்கலாம், பிரவுசரிலேயே ஓடும், கதை கிளை பிரியும் விளையாட்டுகளுக்கு அருமையானது. படத்துக்கு லிப்ரேஸ்பிரைட், சத்தத்துக்கு ஜேஎஸ்எஃப்எக்ஸ்ஆர் (பட்டனை அமுக்க அமுக்க காசு எடுக்கும் சத்தம், குதிக்கும் சத்தம் என்று வந்துகொண்டே இருக்கும்). வரைய நேரமில்லையா, கென்னி தளத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற சிசி0 உரிமத்தில் இருக்கின்றன, பெயர்கூடப் போட வேண்டியதில்லை. யூடியூபில் ஜிடிசி (கேம் உருவாக்குபவர்களின் மாநாடு) உரைகள் பாருங்கள். அப்புறம், கேம்களை வெளியிடும் இட்ச் தளத்தில் எப்போதும் ஏதாவது கேம் ஜாம் (குறித்த நேரத்துக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் நிகழ்வு) நடக்கும், 2002 முதல் நடக்கும் லூடம் டேர் என்ற ஜாமும் இருக்கிறது. 48 மணி நேரத்தில் ஒன்றை முடித்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில்தான் எதை வெட்டி எறிவது என்று எனக்குப் புரிந்தது. பெரிய ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக நீண்ட கதையில் பயணிக்கும் கேம்) கனவை மட்டும் இப்போது ஆரம்பிக்காதீர்கள், என்னுடையது இரண்டு வருடமாகப் பாதியில் கிடக்கிறது.

தீப்பெட்டி:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவே ட்வைனைத் திறந்துவிட்டேன், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் வீடு போய்ச் சேரும் கதை, ஏழு பக்கம் வந்திருக்கிறது, தமிழும் ஒழுங்காகத் தெரிகிறது. தம்பியிடம் கொடுத்தேன், மூன்றாவது பக்கத்தில் எதை அமுக்குவது என்று தெரியாமல் விழித்தான். வெட்டுப்புலி அண்ணா, அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே போடுகிறேன், விளையாடிப் பார்த்து எங்கே சிக்குகிறது என்று சொல்லுங்கள்.